மணிக்கூண்டு நிபந்தனை

சாப்பாட்டு மேசையைத் தானே துடைத்து, அதன் நடுவில் அளவுகோலையும் பென்சிலையும் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்முதல்காரர் தன் முடிவை அறிவித்தார்.

“இந்த விஷயத்துல உணர்ச்சிக்கு இடம் கிடையாது. ஒப்பீடுதான்.”

மனைவி காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பதில் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவருக்கு வீட்டில் கிடைத்த சம்மதங்களில் முக்கால்வாசி அப்படிக் கிடைத்தவைதான்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். பஞ்சிலிருந்து படுக்கை வரை எதை வாங்குவதென்றாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் வாங்க வேண்டும். மூன்று இடத்தில் கேட்க வேண்டும், கட்டம் போட வேண்டும், தேறாததை அடிக்க வேண்டும், மிஞ்சியதை வாங்க வேண்டும். பிள்ளையார் சுழி போடுகிறவர்கள் போடுவது போல, எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் மூன்று கட்டம் போடுவார். வீட்டுக்கு ஒரு துடைப்பம் வாங்கவும் மூன்று கடை ஏறினார். மூன்றாவது கடையில் அவர் விசாரித்து முடிப்பதற்குள், மனைவி மேல்வீட்டிலிருந்து துடைப்பம் வாங்கிப் பெருக்கித் திருப்பியும் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பச்சைக் கைப்பிடி விவகாரம். ஒரு பிரிவின் தலைவர் கட்டில் வாங்க நிபந்தனை எழுதி அனுப்பினார். நீளம், அகலம், சக்கரம் எல்லாம் முறைப்படி இருந்தன. கடைசியில் ஒரு வரி: ‘கட்டிலின் இடப்பக்கக் கைப்பிடி பச்சை நிறத்தில் இருக்க வேண்டும்.’ பச்சைக் கைப்பிடிக் கட்டில் செய்வது ஒரே ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்காரர் அந்தத் தலைவருக்கு மச்சினன்.

“நோயாளிக்கு எதுக்கு சார் பச்சைக் கைப்பிடி? அவர் என்ன மாட்டுக்குப் புல் காட்டறாரா?” என்று கேட்டு, அந்த டெண்டரை அவர் ரத்து செய்தார். அதற்குப் பிறகு யார் என்ன நிபந்தனை எழுதினாலும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். அந்தக் கதையை வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். மனைவிக்கு மனப்பாடம். மகளுக்கு எந்த வாயில் சோறு, எந்த வாயில் சிரிப்பு என்பது வரை தெரியும்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. அவரே ஒப்பீட்டில் ஜெயித்து வந்தவர். மாமனார் பெண்ணுக்கு வரன் தேடியபோது ஐந்து நிபந்தனை எழுதிவைத்துத் தேடினாராம். நிரந்தர வேலை, புகை கூடாது, சைக்கிள் ஓட்டத் தெரியணும், சத்தம் போட்டுப் பேசக்கூடாது, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கணும்.

“கண்ணாடின்னு எழுதினார் பாரு, அங்கதான் அவர் நின்னார்” என்பார். “கண்ணாடி போட்டவன் படிக்கிறவன். படிக்கிறவன் யோசிக்கிறவன். உங்கப்பா வாழ்க்கையில செஞ்ச ஒரே சரியான கொள்முதல் நான்தான்.”

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலும் அங்கேதான். வாடிக்கையாளர் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டுவாள், எடுப்பாள், இன்னொன்றை மாட்டுவாள். முதலில் மாட்டியது எப்போதும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். இரண்டாவதை எடுத்துக்கொண்டு அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். கணவர் இந்தப் பேச்சைப் பேசும்போதெல்லாம் அவள், “ஆமாங்க” என்று மட்டும் சொல்வாள்.

இப்போது ஒப்பீட்டுக்கு வந்திருந்தது மகள்.

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அவளுக்குக் கேட்பியல் படிக்க வேண்டும். காது கேளாதவர்களைச் சோதித்து, கருவி பொருத்தி, ஒலியைப் பழக்குகிற படிப்பு. ஆசை வந்த இடம் அப்பாவின் ஆஸ்பத்திரிதான். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அப்பாவோடு வீடு திரும்புவதற்காக அங்கே போய்க் காத்திருப்பாள். அந்தக் கட்டடத்திலேயே சத்தம் இல்லாத இடம் காது சோதனை அறை. அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கருவி பொருத்தினார்கள். அவள் அம்மா கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. தரையில் தன் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றாள். பிறகு நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். சாயங்காலம் முழுக்கத் தன் செருப்பைக் கேட்டுக்கொண்டே அந்தக் கூடத்தைச் சுற்றி வந்தாள். மகள் அன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் படிப்பில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய தூரம். மாத முடிவுக்குள் ஒப்புதல் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வயது பதினெட்டு ஆகவில்லை என்பதால், பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். அம்மா போட்டுவிட்டாள். பக்கத்துக் கோடு காலியாக இருந்தது.

இன்னொரு பல்கலைக்கழகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் அதன் மணிக்கூண்டு தெரியும். அங்கே பொது அறிவியல் இருந்தது. மூன்றாம் வருஷத்தில் ‘ஒலி’ என்று ஒரு பாடம் இருந்தது. கொள்முதல்காரர் அந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஒலின்னா என்ன? காதுதானே?”

“இல்லப்பா” என்றாள் மகள்.

“காது இல்லாம ஒலி உண்டா?”

“அப்பா, ஒலி இயற்பியல். நான் படிக்க நினைக்கறது மனுஷங்களை.”

“மனுஷங்க எல்லா ஊர்லயும்தான் இருக்காங்க. அதான் ஒப்பீடு போடுவோம்ங்கறேன்.” அவர் மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் ‘பக்கம்’ என்றும், இரண்டாவதில் ‘மலை’ என்றும் எழுதினார். மூன்றாவது காலியாக இருந்தது. அது அவரை உறுத்தியது.

“ரெண்டுதான் இருக்கு. ரெண்டை வச்சு ஒப்பீடு பண்ணினா சிரிப்பாங்க.”

மனைவி டம்ளர்களைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

“துறைமுகத்துப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கோங்களேன். அங்கயும் கேட்பியல் இருக்காம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் ஒப்பீட்டுக்கு உதவியது இதுவே முதல் தடவை.

“பார்த்தியா, உனக்கே ருசி வந்துடுச்சு” என்று மூன்றாவது கட்டத்தில் ‘துறைமுகம்’ என்று எழுதினார்.

“உங்க கூட இருந்துட்டு இது கூடவா வராது?” என்றாள் அவள்.

அடுத்து கட்டாயத் தகுதிகள். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பல்கலைக்கழகம் உடனே வெளியே. மேற்கொண்டு அதைப் படிக்கவே தேவையில்லை. அதுதான் முறை. அவர் பென்சிலைச் சீவினார். சீவிக்கொண்டே இருந்தார்.

அவர் மனதில் இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. கட்டில், சிலிண்டர், கையுறை என்றால் எங்கே ஏமாற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு மகளைக் காப்பாற்றிவிடுவார். பருவத் தேர்வு, முன்தகுதிப் பாடம், செய்முறை மதிப்பெண், நேர்காணல் என்று மலை அனுப்பிய விவரப் புத்தகத்தில் இருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்குக் கையில் பிடித்துப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு பகல், ஓர் இரவு தூரத்தில், அவருக்குப் புரியாத ஒரு இடத்தில், அவள் தனியாக ஒரு மேசைக்கு முன்னால் நின்று, ‘அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்ல முடியாமல் நிற்பாள். அந்தப் படம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

அதனால், இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் அவர் பிடித்து வந்த தப்பை, தன் வீட்டு மேசையில் அவரே செய்தார்.

ஒன்று: மாணவி இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பும்படி இருக்க வேண்டும். இரண்டு: மதியச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும். மூன்று: சேர்க்கைக்கு நேர்காணல் இருக்கக் கூடாது. நான்கு: மழை வந்தால் குடை கொண்டுபோய்க் கொடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்தாவதை எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்றுவிட்டு வந்தார். வந்து எழுதினார்: ‘வளாகத்தில் மணிக்கூண்டு இருக்க வேண்டும்.’

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“மணிக்கூண்டு எதுக்குங்க?”

“நேரம் தவறாம இருக்கறது படிப்புக்கு முக்கியம்.”

“அவ கையில வாட்ச் கட்டியிருக்காளே.”

“பேட்டரி போச்சுன்னா?”

“சரிதான்” என்றாள் மனைவி. “நல்லா யோசிச்சு எழுதியிருக்கீங்க.”

அந்தப் பாராட்டு அவருக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

முறை என்றால் நேரில் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் நடை மாறியது. செருப்பு சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார். எதிரே வந்த ஒரு மாணவனுக்கு வணக்கம் வைத்தார். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அறிவியல் துறையில் ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். கொள்முதல்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், மூணாம் வருஷம் ஒலின்னு ஒரு பாடம் போட்டிருக்கீங்களே.”

“போட்டிருக்கோம்.”

“நல்லா நடக்குதுங்களா?”

பேராசிரியை மகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“ஏட்டுலதான் சார் இருக்கு. அதை எடுத்துக்கிட்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போயிட்டார். அப்புறம் ஆள் போடல. பொண்ணு காது சம்பந்தமா ஏதாவது படிக்கணும்னு நினைச்சா இங்க சேர்க்காதீங்க. நான் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனா கேட்டுட்டீங்க.”

“நன்றிங்க மேடம்.”

வெளியே வந்தார்கள். மணிக்கூண்டு நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். பகல் வெயிலில் மணிக்கூண்டு ஆறு மணி காட்டியது. எந்த ஆறு என்று அதற்கே தெரியாது போலிருந்தது.

மகள் பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

“அப்பா, அந்த மேடம் சொன்னதையும் கட்டத்துல எழுதிக்கோங்க” என்றாள்.

“ம்.”

அவர் எழுதவில்லை. அவர் எழுதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது என்று அவருக்கும் தெரிந்தது. வீடு வரை இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் ஒப்பீடு முடிந்தது. மலை ஐந்து நிபந்தனையிலும் விழுந்தது. துறைமுகம் முதல் நிபந்தனையிலேயே விழுந்தது. விழுந்ததை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை என்பதால், துறைமுகம் அனுப்பிய சேர்க்கைக் குறிப்பை அவர் பிரிக்கவே இல்லை. பக்கம் ஒன்றுதான் தேறியது. அவர் அடிக்கோடு போட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்.

“முடிஞ்சுது. நான் சொல்லல, கட்டம் சொல்லுது.”

மகள் எழுந்து தன் அறைக்குப் போகப் பார்த்தாள். மனைவி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“என்னங்க, இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. இதைத் தணிக்கை பண்ணாம விடலாமா? நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாருங்க.”

“யார் சொல்லப் போறா?”

“இவளே சொல்லலாம். பத்து வருஷம் கழிச்சு. மேல்வீட்டு அண்ணாவைக் கூப்பிடறேன்.”

மேல்வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. குடியிருப்பில் அவரை எல்லோரும் தணிக்கைக்காரர் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் மோட்டார் எத்தனை நேரம் ஓடுகிறது என்பதைக்கூட மாடிப்படியில் நின்று தணிக்கை செய்கிறவர். வேலை இல்லாமல் வாடியிருந்தார். அழைப்பு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, பைக்குள் சிவப்புப் பேனாவோடு இறங்கி வந்தார். தணிக்கைக்காரரைப் பார்த்ததும் கொள்முதல்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அது வேலைப் பழக்கம்.

“உட்காருங்க சார், உங்க வீடுதான்” என்றார் தணிக்கைக்காரர். மேசையின் தலைமை இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு, ஒப்பீட்டைப் பொறுமையாகப் படித்தார். மணிக்கூண்டில் வந்து பேனா நின்றது.

“இது என்ன சார்?”

“நேரம் தவறாமைக்கு.”

“அந்தக் கூண்டு ஓடி நான் பார்த்ததில்லையே.”

“நிபந்தனையில ஓடணும்னு இல்ல சார். இருந்தா போதும்.”

மனைவி தணிக்கைக்காரருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா. ஆனா இதைப் படிச்சப்போ ஏதோ கட்டில், பச்சைக் கைப்பிடின்னு இவர் சொல்ற கதை ஒன்னு ஞாபகம் வந்துச்சு. ஏன்னு தெரியல.”

கொள்முதல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

“சரி, அதை விடுங்க” என்றார் தணிக்கைக்காரர். “மொத்தத்துல தேறினது எத்தனை?”

“ஒன்னு சார்.”

“ஒன்னா?”

“ஒன்னு.”

“ஒரே ஒன்னு?”

தணிக்கைக்காரர் பேனாவை மூடி வைத்தார். டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றுவது போல இருந்தது அது.

“சார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தர் மட்டும் தேறினா அங்க போட்டி இல்லைன்னு அர்த்தம். போட்டி இல்லாத டெண்டர் செல்லாது. பச்சைக் கைப்பிடியை எந்த விதியில ரத்து பண்ணினீங்க?”

“அதே விதிதான்” என்றார் கொள்முதல்காரர். குரல் அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது.

“அப்போ?”

“ரத்துதான்.”

“ரத்துன்னா?”

“மறு டெண்டர்.”

“மறு டெண்டருக்கு நிபந்தனை யார் எழுதணும்?”

“முதல்ல எழுதினவர் எழுதக்கூடாது.” இதை அவர் ஒரு கருத்தரங்கில் மேடையேறியே பேசியிருக்கிறார். “பொருளை யார் பயன்படுத்தப் போறாங்களோ அந்தப் பிரிவு எழுதணும்.”

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

மனைவி ஒரு புதுக் காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு மகள் முன்னால் நகர்த்தினாள். “எழுதும்மா, பயன்படுத்தும் பிரிவு.”

மகள் அதிகம் யோசிக்கவில்லை. பல நாளாக யோசித்து வைத்திருந்தாள். கேட்பியல் முழுப் படிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும். நோயாளிகளைப் பார்த்துப் பழக ஆஸ்பத்திரி உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டாவதை எழுதும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட சிரமம் அவருக்குத் தெரிந்தது.

“நான் ஒன்னு சேர்க்கலாமா?” என்றாள் மனைவி.

“நீங்க யாரு?” என்றார் தணிக்கைக்காரர் முறைப்படி.

“நிதிப் பிரிவுண்ணா. பெட்டி வாங்கப் போறது நான்தானே.”

“சேர்க்கலாம்.”

“விடுதிக்குப் போன் போட்டா, எடுத்து, போய்க் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு ஆள் இருக்கணும்.” அவள் கணவரைப் பார்த்துச் சொன்னாள். “தினமும் போடுவாரு.”

கட்டத்தை நிரப்பும் வேலை கொள்முதல்காரருக்கே வந்தது. மலைக்கு நான்கும் இருந்தன. விடுதியில் போன் எடுக்கும் ஆளின் எண்ணைக்கூட அச்சிட்டிருந்தார்கள். துறைமுகத்தின் விவரப் புத்தகத்தைப் பார்த்தால் அதற்கும் நான்கும் இருந்தன. கடைசியில் பக்கம் வந்தது. முழுப் படிப்பு: இல்லை. அடுத்த கட்டம்: சொல்லிக்கொடுக்க ஆள். பென்சில் அங்கே நின்றது.

தணிக்கைக்காரர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பாடத்திட்டத்தில் உண்டு’ என்று எழுதினால் அதுவும் பொய் இல்லை. அப்படி எழுதுகிற எத்தனை பேரை அவர் மேசைக்கு எதிரில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்.

‘ஆள் இல்லை’ என்று எழுதினார். ‘நேரில் விசாரித்தது’ என்றும் எழுதினார். மகள் மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தேறினது ரெண்டு” என்றார் தணிக்கைக்காரர். “போட்டி இருக்கு. செல்லும். இனிமே உள்ளே போய் ஒப்பிடுங்க. சேர்க்கைக்கு என்ன கேட்கறாங்க?”

மலை கேட்டது உயிரியல், இயற்பியல் மதிப்பெண், ஒரு நேர்காணல். இரண்டும் முடிந்து இடம் கிடைத்துவிட்டது. துறைமுகம் என்ன கேட்டது என்று பார்க்க அவர் முதன்முறையாக அந்தக் குறிப்பைப் பிரித்தார். படித்தார். முகம் மலர்ந்தது. தணிக்கையில் மாட்டியவனுக்கு விட்டுப்போன ரசீது கிடைத்தது போல.

“சார், துறைமுகத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதணும். அந்தத் தேர்வு போன மாசமே முடிஞ்சுபோச்சு. அதுல இவளால சேரவே முடியாது. அப்போ மிச்சம் ஒன்னுதான். ஒன்னுன்னா போட்டி இல்ல. இதுவும் ரத்து.”

“அடடா” என்றாள் மனைவி. அதில் ஆச்சரியம் போதுமான அளவு இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தணிக்கைக்காரர் தலையை ஆட்டினார்.

“இல்ல சார். டெண்டரைத் திறக்கும்போது எத்தனை தேறுச்சுங்கறதுதான் கணக்கு. திறக்கும்போது ரெண்டு இருந்துச்சு. அப்புறம் ஒன்னு விலகினா, மிச்சம் இருக்கறதை எடுத்துக்கணும். இதுவும் உங்க விதிதான்.”

அவருடைய விதிதான். ஆக்சிஜன் சிலிண்டர் விஷயத்தில் அவரே வாதாடி வாங்கிய விதி.

தணிக்கைக்காரர் காகிதத்தின் அடியில் சிவப்பில் கையெழுத்துப் போட்டார். ஓய்வுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை. போகும்போது, “மாடிப்படி விளக்கு பகல்ல எரியுது, அதையும் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்புதல் காகிதம் மேசைக்கு வந்தது. கொள்முதல்காரர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

“பாப்பா, அங்க உனக்கு உடம்பு சரியில்லாமப் போனா?”

“படிப்பே ஆஸ்பத்திரிக்குள்ளதாம்ப்பா.”

“ஏதாவது புரியலன்னா?”

“கேட்பேன்.”

“யாரை?”

“புரிஞ்சவங்களை.” கொஞ்சம் நிறுத்தி, “அவங்களுக்கும் புரியலன்னா உங்களுக்குப் போன் போடுவேன். நீங்க மூணு கட்டம் போடுங்க” என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். மகள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அனுப்பிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. அவர் அதைக் கடைசிப் படி வரை கேட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டார்.

மனைவி எதிரில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் மேசை பெரிதாகத் தெரிந்தது.

“இனிமே நாம ரெண்டு பேர்தான்” என்றார்.

“ஆமாங்க.”

அவர் இரண்டாவது ஒப்பீட்டை மறுபடி பார்த்தார். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.

“துறைமுகத்தைச் சேர்க்கச் சொன்னது நீதானே?”

“ஆமாம்.”

“தேர்வு முடிஞ்சது உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“மலை மட்டும் தேறினா ரத்து ஆயிடும்னு, துணைக்கு ஒன்னை நிக்கவச்சிருக்க.”

“ஆமாங்க.”

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற மரியாதைதான் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும்.

“அத்தனையும் என்கிட்ட கத்துக்கிட்டதுதானே?”

“உங்ககிட்டயா?” மனைவி அளவுகோலையும் பென்சிலையும் எடுத்து டப்பாவுக்குள் வைத்தாள். “இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். எங்கப்பாவோட அஞ்சு நிபந்தனை சொல்வீங்களே, அதை எழுதினது யாருன்னு நினைச்சீங்க?”

“உங்கப்பா.”

“எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தாங்க வரும். எழுதினது நான்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாகக் கண்ணாடியைச் சரிசெய்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் மெல்ல ஏறியது.

“அப்போ கண்ணாடி போட்டிருக்கணும்னு எழுதினது எனக்காகவா?”

“கடைக்கு அடிக்கடி கண்ணாடி மாத்த ஒருத்தர் வருவார். அவருக்காக. ஆனா ஒருத்தர் மட்டும் தேறினா அப்பா சந்தேகப்படுவாரே. அதான் உங்களையும் சேர்த்துக்கிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவர் என்ன ஆனார்?” என்று கேட்டார் கொள்முதல்காரர்.

“கடைசி நேரத்துல விலகிட்டார்” என்றாள் மனைவி. “திறக்கும்போது ரெண்டு பேர் இருந்தீங்க. விதிப்படி மிச்சம் இருந்ததை எடுத்துக்கிட்டேன்.”